துவக்கும் துருவும்

துவக்கு, துப்பாக்கி என்ற இரண்டு சொற்களுக்கும் மூலம் ஒன்றே. துருக்கி மொழியில் வழங்கிய ஒரு சொல் கடல்வழி வணிகர்களோடும் கூலிப்படையினரோடும் கீழைத் தேசங்களுக்கு வந்து, தமிழகத்தில் துப்பாக்கியாகவும், இலங்கைத் தமிழில் துவக்காகவும், சிங்களத்தில் துவக்குவவாகவும் நிலைத்துவிட்டது. சொல் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருக்கிறது. அது குறித்த பொருளோ நம் கண் முன்னே துருவாகி உதிர்ந்துகொண்டிருக்கிறது. பழைய துவக்குகள் துருப்பிடிப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "எழுதுவதற்கு வேறு விடயமே கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். இக்கட்டுரை அவருக்கான பதிலாகவும் அமையட்டும்.

சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது தெரணியகலை. சிவனொளிபாதமலைத் தொடரின் மேற்குச் சரிவிலிருந்து இறங்கும் சீதாவாக்கை ஆறு இவ்வூர் வழியே ஓடி, அவிசாவளையில் களனி கங்கையோடு கலக்கிறது. ஆற்றின் இரு மருங்கிலும் இறப்பர்த் தோட்டங்கள். மேலே ஏற ஏறத் தேயிலை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரை இம்மலைச் சரிவுகளிலேதான் கொட்டித் தீர்க்கிறது. ஆண்டொன்றுக்கு 4,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பிரதேசம் இது. சென்னை நகரம் பெறும் மழையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு என்று சொன்னால் தமிழக வாசகர்களுக்கு விளங்கும். இங்கே இரும்பை வைத்திருப்பது என்பது தினசரி ஒரு போராட்டம்.

ஆனால் இதே ஆற்றங்கரையில்தான் இலங்கையின் துவக்குச் சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம் ஒன்று எழுதப்பட்டது. 1521 இல் கோட்டை இராச்சியம் மூன்றாகப் பிரிந்தபோது, மாயாதுன்னை சீதாவாக்கையைத் தலைநகராகக் கொண்டு ஆட்சி அமைத்தான். போர்த்துக்கேயரை எதிர்க்க அவனுக்குத் துவக்கும் பீரங்கியும் வேண்டியிருந்தன. கள்ளிக்கோட்டை சாமூதிரியின் உதவியை நாடினான். மரைக்காயர்களின் கப்பல்கள் படையும் படைக்கலமும் ஏற்றி வந்தன. அவ்வாறு வந்த பட்டு மரைக்காயரின் கடற்படையைப் போர்த்துக்கேயர் 1538 இல் வழிமறித்து முறியடித்த இடம், இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளை. மண்டபம் பக்கம் போகிறவர்கள் இன்றும் அவ்வூரைக் கடந்துதான் போகிறார்கள். சீதாவாக்கை மன்னனுக்காகத் தமிழகக் கரையில் ஒரு போர் நடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சிங்களக் கொல்லர்கள் இக்கலையை விரைவாகக் கற்றுக்கொண்டனர். பதினாறாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேய எழுத்தாளர்களே புகழத் தொடங்கினர். அவர்கள் உருவாக்கிய துவக்குக்கென்று தனி அங்க அடையாளங்கள் உண்டு. அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருள் வடிவில் வளைந்திருக்கும். வெடிப்பொறி, ஐரோப்பியத் துவக்குகளில் உள்ளதைப் போல வலப்புறத்தில் இல்லாமல், பெரும்பாலும் இடப்புறத்தில் இருக்கும். தந்தமும் வெள்ளியும் பதித்த கட்டைகள், கொடி வேலைப்பாடு செதுக்கிய குழல்கள். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வரான ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் இத்தகைய உலோக வேலைகளுக்கு உரிய இடம் அளித்தார். பின்னர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல சிங்களப் படைக்கலங்களைப் பற்றித் தனியே ஆராய்ந்து எழுதினார். அவருடைய பெயரிலேயே நமது ஊர் இருப்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

இந்த இரும்பெல்லாம் எங்கிருந்து வந்தது? சப்ரகமுவ மாகாணத்திலேயே, பலாங்கொடைக்கு அருகேயுள்ள சமனலவெவப் பகுதியில், கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர் 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திய ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. மேற்கு நோக்கிய மலைச் சரிவுகளில் வரிசை வரிசையாக உருக்கு உலைகள். துருத்தி ஊதாமல், பருவக்காற்றின் வேகத்தையே மூச்சாகக் கொண்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு இரும்பும் உருக்கும் செய்யப்பட்டன. அதே முறையில் உலை கட்டி, இரும்பை உருக்கியும் காட்டினார் அவர். அந்த ஆய்வு 1996 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து வறண்ட காற்றாக இறங்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் சமனலவெவ உலைகளை ஊதியது. மலைக்கு அந்தப் புறம் இரும்பைப் பிறப்பித்த காற்று, இந்தப் புறம் தெரணியகலையில் இரும்பைத் தின்கிறது. நூறு கிலோமீற்றருக்கு உட்பட்ட நிலத்தில் இரண்டு வேலையையும் ஒரே காற்று செய்கிறது.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு, ஒட்சிசன், நீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு. நீர் என்றால் மழைத்துளியே விழ வேண்டும் என்பதில்லை. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலம் ஒன்று உலோகத்தின் மேல் படியத் தொடங்கி, அரிப்பு வேகமெடுக்கும். விரல் வியர்வையின் உப்போ, கடற்காற்றின் உப்போ இருந்துவிட்டால் அதற்கும் குறைந்த ஈரமே போதும். தெரணியகலையில் மழைக்காலத்து இரவுகளில் அது 90 சதவீதத்தை எட்டும். செம்பின் களிம்பு ஓரளவுக்குத் தன் கீழுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவுக்கு அந்தக் குணம் இல்லை. பொருக்குவிட்டு, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மேலும் உள்ளே அரித்துச் செல்லும்.

பிரித்தானியர் காலத்தில் இம்மலைகளுக்கு வேறு வகைத் துவக்குகள் வந்தன. முதலில் வந்தவை யானைகளைக் கொல்ல வந்தவை. மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400 க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். சாமுவேல் பேக்கர் தமது இலங்கை வேட்டைகளைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே றைபிள் இருக்கிறது. 1900 இல் இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியர் மட்டுமே சேரக்கூடிய தொண்டர் படை அது. முதலாம் உலகப் போரில் அதன் அணியொன்று 1914 இல் எகிப்துக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு கலிப்பொலிக்கும் போனது. 1949 இல் படை கலைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் வார நாட்களில் துரைமார். பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணிய அதே கனவான்கள் விடுமுறையில் குறிபார்த்துச் சுடப் பழகினார்கள்.

துரை சுட்டார், துவக்கைத் துடைத்தது யார்? பங்களாவில் வேலை செய்த தமிழர்தான். 1980களில் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், அவ்வாறு இருபது ஆண்டுகளுக்கு மேல் பங்களா வேலை பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்துப் பேசினேன். தொழிற்சங்கச் செய்தி ஒன்றிற்காகப் போன எனக்கு அவர் சொன்ன துவக்குப் பராமரிப்புக் கதைதான் இன்றும் நினைவில் இருக்கிறது. மழைக்காலத்தில் வாரம் இருமுறை துடைக்க வேண்டும். வெறும் விரல் இரும்பில் படக்கூடாது. தோலுறை பார்வைக்கு அழகு. அதற்குள் துவக்கை வைத்தால் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். துவக்கை வாய் மேலே இருக்க நிறுத்தினால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டையை ஊறவைத்து மரத்தைக் கெடுக்கும். ஆகையால் வாய் கீழே. அலமாரிக்குள் இரவும் பகலும் சிறிய மின்குமிழ் ஒன்று எரிய வேண்டும்.

"தேங்காய் எண்ணெய் போடலாமா ஐயா?" என்று கேட்டேன்.

"சிக்கு வாடை அடிச்சுப் பிசினாப் போயிடும் தம்பி. ரங்கூன் எண்ணெதான்" என்றார்.

அந்த மனிதர் பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானம் உண்டு. தோலைப் பதப்படுத்தும் அமிலங்களும் உப்பும் இரும்பை அரிக்கும். தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும். தாவர எண்ணெய் காலப்போக்கில் காறி அமிலமாகும். ரங்கூன் எண்ணெய் என்பது பர்மாவின் நிலத்தடி எண்ணெயிலிருந்து வடித்த கனிம எண்ணெய், அது காறுவதில்லை. மின்குமிழின் கணக்கு இன்னும் சுவையானது. 25 பாகை வெப்பத்தில் 85 சதவீத ஈரப்பதன் உள்ள காற்றை 30 பாகைக்குச் சூடேற்றினால், அதிலுள்ள நீரின் அளவு மாறாதபோதும், சாரீரப்பதன் ஏறத்தாழ 63 ஆக இறங்கிவிடும். ஐந்து பாகை வெப்பம், ஒரு சிறு மின்குமிழ். துருவின் வேகம் பெரிதும் தணிந்துவிடுகிறது.

துவக்கில் பொறித்திருந்த ஆங்கில எழுத்துகளை அவருக்கு வாசிக்கத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எந்தத் துவக்கு என்று சொல்லிவிடுவாராம். குண்டு நிரப்பிய துவக்கை அவர் கையில் ஒருநாளும் கொடுத்ததில்லை என்பதையும் அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையகத் தமிழரின் சரித்திரத்தில் துவக்கு எப்போதும் மறுபக்கத்திலேயே இருந்து வந்திருக்கிறது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டில் கோவிந்தன் மாண்டார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த இரண்டு பெயர்களும் நினைவுநாள்களில் வாழ்கின்றன. துவக்கின் இலக்கத்தையும், அதனைச் சுட்டவரின் பெயரையும், எத்தனை ரவைகள் செலவாயின என்பதையும் ஏடுகளில் பதிந்து வைக்கும் அரசாங்க ஒழுங்குக்கு மாறாக, மலையகத்தில் மாண்டவர்களின் பக்கத்துச் சான்றுகள் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்துவிட்டன.

பிரித்தானியர் ஆட்சியிலும் அதன் பின்னரும் நீண்ட காலம் படையினரும் பொலிசாரும் ஏந்தியது .303 லீ-என்பீல்ட் றைபிள். துருவைப் பொறுத்தவரை அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பழைய .303 ரவையின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேற்று இருந்தது. வெடித்தபின் அது குழலுக்குள் பொட்டாசியம் குளோரைட்டு என்னும் உப்பாகப் படியும். காற்றிலுள்ள ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொள்ளும். எண்ணெயில் உப்பு கரையாது என்பதால், சுட்டபின் எண்ணெய் மட்டும் பூசி வைத்தால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு வேலை செய்யும். அதனால்தான் சிப்பாய்களுக்குக் கொதிநீரைப் புனல் வழியே குழலுக்குள் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இடும்படி கற்பித்தார்கள். துருவை நீரால் தடுக்கும் இந்த விந்தையைப் பழைய பொலிஸ்காரர்கள் பலர் அறிவார்கள்.

1971 ஏப்ரல் 5 ஆம் திகதி இரவு ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தபோது, கேகாலை மாவட்டம் அதன் முக்கிய களங்களுள் ஒன்றாயிற்று. கிளர்ச்சியாளரின் பிரதான ஆயுதம் கிராமத்து வீடுகளிலிருந்து பறித்த வேட்டைத் துவக்குகளும் கையால் செய்த குண்டுகளுமே. 1987 முதல் 1989 வரையான இரண்டாவது கிளர்ச்சியிலும் அதுவே நடந்தது. பாட்டன் காலத்துத் துவக்கு என்று வீட்டில் வைத்திருந்தவை இரண்டு அலைகளிலும் போயின. போனவற்றைத் திரும்பப் பெற்றவர்கள் எவரையும் நான் சந்தித்ததில்லை. எஞ்சியவற்றை 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். அலைச்சலுக்கு அஞ்சிப் பரணில் போட்டவர்கள் உண்டு. பரணில் போட்டதைத் துரு பார்த்துக்கொள்கிறது.

2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்றவையும் அவற்றுள் அடங்கும். லெவ்கே திசாவையின் பெயரால் வழங்கும், பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த வெண்கலப் பீரங்கியையே எல்லாப் பத்திரிகைகளும் படம் பிடித்துப் போட்டன. வெண்கலம் துருப்பிடிப்பதில்லை. அதனோடு வந்த இரண்டு 'மகா துவக்கு'களைக் கவனித்தவர்கள் குறைவு. அவை இரும்புக் குழல் கொண்டவை. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தின் கட்டுப்படுத்தப்பட்ட காற்றில் அவை பிழைத்திருந்தன. கொள்ளை போனது பிழைத்தது, ஊரில் இருந்தது உதிர்ந்தது என்ற இந்தச் செய்தி எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. கொள்ளையை அது நியாயப்படுத்திவிடாது. ஆனால் திரும்பி வந்ததைக் காக்கும் கடமையை நம் தலையில் ஏற்றிவைக்கிறது.

எப்படிக் காப்பது? சட்டப்படி பழைய துவக்கு வைத்திருப்பவர்களும், கோவில், பாடசாலைக் காட்சிக்கூடங்களுக்குப் பொறுப்பானவர்களும் அறிய வேண்டியவை சில உண்டு. முதலாவது, அது வெறுமையாக உள்ளதா என்று உறுதி செய்வது. வாய்வழி மருந்திடும் பழைய துவக்குகளில் நூறு ஆண்டுக்கு முந்திய மருந்து கெட்டித்துக் கிடப்பதுண்டு. மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டு, உள்ளே போன நீளத்தை வெளிப்புற நீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அப்போதும் தலையை வாய்க்கு நேரே வைக்கக்கூடாது. ஐயமிருந்தால் தொடாமல் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை. அடுத்து, பருத்திக் கையுறை அணிந்து துடைத்து, அமிலமற்ற கனிம எண்ணெயை மெல்லிய படலமாகப் பூச வேண்டும். பல ஆண்டுகள் திறக்காமல் வைப்பதானால் எண்ணெய் வழிந்துவிடும்; கனிமக் கொழுப்போ, அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் நுண்பளிங்கு மெழுகோ நல்லது. குழல்வாயை அடைப்பது ஈரத்தை உள்ளே சிறைவைப்பதாகும். பஞ்சு மெத்தையும் தோலுறையும் ஆகா. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் இட்டு 40 முதல் 50 சதவீத ஈரப்பதனில் வைக்கலாம். அதற்கும் கீழே போனால் மரக்கட்டை வெடிக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, துருவைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்து உரசாதிருப்பது. பழைய குழல்களின் கரும்பழுப்பு நிறமே துருவினால் ஆனதுதான். கொல்லர்கள் வேண்டுமென்றே செந்துருவை வரவழைத்து, கொதிநீரில் இட்டு அதைக் கருநிற ஒட்சைட்டாக மாற்றி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து அந்தக் காப்புப் படலத்தை உண்டாக்கினார்கள். அடங்கிய துரு பாதுகாப்பு. அடங்காத துரு அழிவு. பளபளப்பாக்கும் ஆசையில் உரசுகிறவர், செய்தவனின் முத்திரையையும் இலக்கத்தையும் கொடி வேலைப்பாட்டையும் சேர்த்தே உரசிவிடுகிறார். அதன் பின் மிஞ்சுவது ஓர் இரும்புக் குழாய்.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். நம்மை நோக்கி நீட்டப்பட்ட பொருளை நாம் ஏன் காக்க வேண்டும்? நீட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி என்பதால். நாற்பதாண்டுப் பத்திரிகைத் தொழிலில் நான் கண்டது, ஆவணம் உள்ளவரின் சரித்திரம் நிற்கிறது. இல்லாதவரின் சரித்திரம் கதையாகிவிடுகிறது. ஒரு துவக்கின் முத்திரை எங்கே செய்யப்பட்டது என்று சொல்லும். இலக்கம் எவருக்கு வழங்கப்பட்டது என்று சொல்லும். கட்டையின் தேய்மானம் எவ்வளவு காலம் கையாளப்பட்டது என்று சொல்லும். துடைத்தவர் யார் என்பதை மட்டும் அது சொல்லாது. அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஆகவே, இத்தகைய பொருளொன்று உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ இருந்தால், எண்ணெய் இடும் நாளில் ஒரு தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்தத் தோட்டத்தில் இருந்தது, எந்த ஆண்டு கைமாறியது, யார் அதைப் பார்த்துக்கொண்டார் என்று முதியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பெட்டிக்குள் எண்ணெய் படும்படி வைக்காமல் தனியே வைத்து, பிரதியொன்றை ஒரு நூலகத்துக்கும் அனுப்புங்கள். தெரணியகலையில் நான் சந்தித்த முதியவர் இன்று இல்லை. அவர் துடைத்த துவக்குகள் எங்கே என்றும் தெரியவில்லை. அவர் சொன்ன முறையாவது இங்கே எழுத்தில் இருக்கட்டும்.